மைக்கில் சொன்னது

ரஷ்யாவில் ஆடு மேய்ப்பவர்கள் என்ன பாடுவார்கள், மெக்சிகோவில் பெண் பார்க்கப் போகிறவன் என்ன பாடுவான் என்பதெல்லாம் அந்த எழுபதுகளில் மரக்காணம் உப்பளத்துப் பெண்களுக்கு அத்துப்படி. இரண்டு மைல் தள்ளி இருக்கிற ஊரில் என்ன பாடுகிறார்கள் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இப்படி ஒரு கோணல் படிப்பை எங்கள் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பஞ்சாயத்து ரேடியோ அறையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். எங்கள் தெருவில் நாலாவது வீடு. ரேடியோக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

பஞ்சாயத்து அவருக்குக் கொடுத்தது சின்ன வேலை. மாலையில் அறையைத் திறந்து ரேடியோவைப் போட வேண்டும். செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் முடிந்ததும் அணைத்துவிட்டுப் போக வேண்டும். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், உப்பளத்து ஓரத்துக் கம்பத்தில் இன்னொன்று. அதோடு நின்றிருந்தால் இதை எழுதுகிற வேலை எனக்கு இல்லை. வீட்டு வரி கட்டச் சொல்லி அறிவிப்பதற்காகத் தலைவர் ஒரு மைக் வாங்கிப் போட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மைக்கைப் பார்த்ததும் ரேடியோக்காரர் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டு, சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, பிறகுதான் பேசினார். யாருமே பார்க்காத அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறவருக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று என் அம்மா கேட்டாள். அது குரலில் தெரியும் என்று பதில் வந்தது.

குயிலாப்பாளையம், இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து கீற்றுக் குடிசை போட்டுத் தங்க ஆரம்பித்திருந்த காலம் அது. அவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பும்போது தூக்கிப் போக முடியாத சாமான்களை விட்டுவிட்டுப் போவார்கள். ரேடியோக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கோட்டக்குப்பத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்து போய், ஒரு பை உப்பைக் கொடுத்து ஒரு இசைத்தட்டு வாங்கி வருவார். உப்பு என் அப்பாவுடையது. அப்பா சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் ஒரு பை உப்புக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? ரெக்கார்டு பிளேயரும் இப்படி வந்ததுதான். அதற்கு மட்டும் உப்போடு கருவாடும் கொடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னார்.

தட்டு எந்த நாட்டுடையது என்பதை அவர் உறையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். அதில் எழுதியிருப்பதைப் படித்து அல்ல. அந்த எழுத்தெல்லாம் அவருக்கு வராது. படத்தைப் பார்ப்பார். கம்பளிச் சட்டை போட்டிருந்தால் ரஷ்யா. பெரிய தொப்பி என்றால் மெக்சிகோ. மேளம் இருந்தால் ஆப்பிரிக்கா. ஆளே இல்லாமல் வெறும் கோடும் வட்டமுமாக இருந்தால் ஜெர்மனி. ஏன் ஜெர்மனி என்று கேட்டேன். எஞ்ஜின் செய்கிறவர்கள் வேறு எப்படிப் படம் போடுவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எட்டாவது வரை படித்தவள் என்கிற திமிரோடு போன நான் உறையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

காலையில் உப்பு வாருகிற நேரத்துக்கு, யாரும் சொல்லாமலே, அறையைத் திறந்துவிடுவார். மைக்கில் பேசும்போது வானொலித் தமிழ்தான். “நேயர்களே, உலக மக்களின் பாடல்களில் புதிதாக வந்தவற்றை வழங்குகிறேன். எனக்குப் பிடித்ததை மட்டுமே போடுவேன். பிடிக்காததை நீங்கள் கேட்டு என்ன ஆகப்போகிறது?” என்று தொடங்குவார். புதிதாக வந்தது என்றால் போன ஞாயிற்றுக்கிழமை அவர் பையில் வந்தது என்று அர்த்தம். கீறல் விழுந்து, ஓரம் உடைந்து, எந்தக் காலத்திலோ அழுத்திய தட்டாக இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அந்த வருஷத்தின் சிறந்த தட்டுகளை அறிவிப்பார். அன்றைக்குக் கழுத்துப் பொத்தானோடு தோளில் துண்டும் இருக்கும்.

ஒரு பொங்கலுக்கு முதலிடம் பெற்ற தட்டை என்னால் மறக்க முடியாது. வாத்தியம் எதுவும் கிடையாது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து, குழாயடியில் குடத்தை முன்னால் தள்ளினவளைப் பிடித்த மாதிரி கத்துவார்கள். ஒரு மலையில் ஆடு மேய்க்கிறவள் அடுத்த மலைக்காரியைக் கூப்பிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிறாள், அவள் சொல்ல மறுக்கிறாள், அதுதான் பாட்டு என்று ரேடியோக்காரர் விளக்கினார். உப்பளத்துப் பெண்களுக்கு அந்தத் தட்டு உயிர். பாட்டு முடிகிற இடத்தில் அவர்களும் பாத்திக்குப் பாத்தி கத்துவார்கள். ஒருத்தி “சொல்லுடி, என்ன கொழம்பு” என்பாள், எதிர் வரப்பில் இருக்கிறவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். இரண்டாம் இடம், காற்றடைத்த தோல்பையை அமுக்கி ஊதுகிற ஒரு சத்தத்துக்கு. அந்தப் பை ஆகிப்போன ஆட்டின் ஆவியே உள்ளே இருந்து பாடுகிறது என்று அவர் சொல்லிவிட்டதால், ஆட்டுக்கறிக் கடைக்காரர் மட்டும் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் அவர் கட்டிவிடுகிற கதை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. மைக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்க மாட்டார், மாற்றவும் மாட்டார். குழம்பு கேட்டவளுக்கு இரண்டு பெண், ஒரு பையன் என்று ஒருமுறை சொன்னால், அடுத்த வருஷம் கேட்டாலும் இரண்டு பெண், ஒரு பையன்தான். பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்பதுவரைக்கும் மாறாது.

ஒரு தடவை, உறையில் கித்தாரோடு நீளத் தலைமுடியில் நிற்கிற ஒருவன் கப்பல் கவிழ்ந்து செத்துப்போனான், இது அவன் கடைசிப் பாட்டு என்று சொல்லிவிட்டார். உப்பளத்துப் பெண்கள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாசம் ஒன்று போயிருக்கும். அதே முகம், அதே முடி, சைக்கிளை மிதித்துக்கொண்டு மரக்காணம் பஸ் நிற்கிற இடத்தில் வந்து இறங்கியது. அவன் தட்டு இங்கே தினமும் பாடுகிறது என்று குயிலாப்பாளையத்தில் யாரோ சொல்லிப் பார்க்க வந்திருக்கிறான். உறையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சிரித்துக் காட்டினான். ஊரே ரேடியோக்காரரைப் பார்த்தது. அவர் துளிகூடக் கலங்காமல் அவனைக் கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“தம்பிக்காரன். அண்ணனைப் பாட்டுல பாக்கலாம்னு வந்திருக்குறாரு” என்றார்.

அவ்வளவுதான். பெண்கள் சூழ்ந்துகொண்டு அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் என்ன ஏது என்று தெரியாமல் கண் கலங்கினான். பிறகு கித்தாரை எடுத்து அந்தப் பாட்டையே பாடிக் காட்டினான். தம்பியும் நல்லாத்தான் பாடுறான், ஆனாலும் அண்ணன் குரல் வராது என்று ஊர் முடிவுசெய்தது.

இனி மழைப் பாட்டுக்கு வருகிறேன்.

உப்பளத்தில் வெயில் காலம்தான் அறுவடை. எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் மழை என்கிற சொல்லை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். மேகம் கட்டினால் “அது வருமா?” என்றுதான் கேட்பார்கள். என் வீட்டில் இது இன்னும் பெரிய தொல்லை. அம்மா பிறந்தது மேற்கே, ஒரு விவசாய ஊரில். வானம் கறுத்தால் அப்பா கீற்றைத் தேடி ஓடுவார், அம்மாவுக்கு முகம் மலரும். இரண்டு பேரும் வேண்டிக்கொள்வது ஒரே மாரியம்மனிடம். அம்மன் யார் பேச்சைக் கேட்பாள், பாவம்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில் ரேடியோக்காரர் புதுத் தட்டு ஒன்றைப் போட்டார். உறையில் மேளம் இருந்தது. “ஆப்பிரிக்காவின் மழைப் பாட்டு. நீண்ட நாள் மழை காணாத ஊரில் ஒரு பெண் மேளக்காரனை அழைத்துக்கொண்டு வயலில் நின்று வானத்தைத் திட்டுகிறாள். திட்டுப் பொறுக்காமல் வானம் கொட்டிவிடுகிறது” என்றார். உப்பளத்தில் அத்தனை கைகளும் நின்றுவிட்டன. பாட்டு என்னமோ அருமையான பாட்டுதான். மேளம் மெதுவாகத் தொடங்கும், அந்தப் பெண் குரல் மேலே ஏறி ஏறிப் போகும். ஆனால் எங்கள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்.

அன்று பிற்பகல் கொட்டியது. சாரலோ தூறலோ இல்லை, அடைமழை. பாத்தியில் விளைந்திருந்தது தண்ணீராகிப் போயிற்று. கரையில் குவித்து வைத்திருந்ததைக் கீற்றுப் போட்டு மூடுவதற்குள் பாதி ஓடிவிட்டது. அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து உப்புக் குவியலின்மேல் போர்த்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, வாழைத்தாரும் மாலையுமாக வந்து இறங்கினார். அவர்கள் ஊரில் கோடை உழவுக்கு ஏர் பூட்டியாயிற்றாம். ரேடியோக்காரருக்கு மாலை போடத்தான் வந்திருந்தார். போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்து, அப்பாவிடம் சிரித்த முகமாக நல்ல மழை மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். அம்மா குறுக்கே வந்து நின்றிருக்காவிட்டால் அன்றைக்கு வாழைத்தார் தெருவில் கிடந்திருக்கும்.

உப்புக் குத்தகைக்காரர்கள் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். குற்றம் சாட்டியவர்களில் முதல் ஆள் அப்பா. “என் உப்பக் குடுத்து வாங்கின பாட்டு, என் உப்பையே கரைச்சிட்டுதுங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. தலைவருக்கு ரேடியோக்காரர்மேல் பிரியம். தலைவருடைய மகள் கல்யாணத்தை உலகத்துக்கே அறிவிப்பதுபோல மைக்கில் சொன்னவர் அவர்தானே. அதனால் தலைவர் சுலபமான வழி ஒன்றைக் காட்டினார்.

“ஏம்பா, அந்தப் பாட்டு எதப் பத்தினதுன்னே ஒனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. எல்லாரும் வீட்டுக்குப் போவலாம்.”

ரேடியோக்காரர் கழுத்துப் பொத்தானைத் தடவினார். மைக் போய்விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மைக்கில் இல்லாத நேரங்களில் பஸ் நிறுத்தத்தில் நின்று, ஸ்பீக்கர் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்.

“மைக்ல சொன்னத எப்பிடிங்க சும்மா சொன்னேன்னு சொல்றது? பாட்டு வேல செஞ்சிட்டுது. தப்பு என்னுதுதான்” என்றார்.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் மைக்கைத் துண்டால் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, தட்டுகளையும் பிளேயரையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் பெரிய மாமா மாட்டுவண்டியோடு காத்திருந்தார். எங்களுக்கு ஆகாத பாட்டு அவர்களுக்குத் தெய்வம். கோயில் முன்னால் இருக்கிற பனைமரத்தில் குழாய் கட்டித் தருகிறோம், வீட்டுக்கு ஒரு வேளை சாப்பாடு, மைக்கும் உண்டு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் அம்மா ஜன்னலில் நின்று சிரித்ததை அப்பா பார்த்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அங்கே அவர் காலையும் மாலையும் மழைப் பாட்டைப் போட்டார். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, ஆடி போயிற்று, ஒரு சொட்டு இல்லை. எங்களுக்கோ உப்பு மலை மலையாக விளைந்தது. ஆனாலும் மரக்காணத்தில் நிம்மதி கிடையாது. ரேடியோ அறைக்குப் புதிதாக வந்தவன் நேரத்துக்குப் போட்டு நேரத்துக்கு அணைக்கிற ஆள். காலையில் உப்பளம் செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மலைக்காரி கடைசியில் என்ன குழம்பு என்று சொன்னாளா இல்லையா என்று பெண்கள் குத்தகைக்காரர்களைப் பிடுங்கி எடுத்தார்கள். கேட்டுச் சொன்னால்தான் வேலை என்று ஒருநாள் வரப்பில் உட்கார்ந்தே விட்டார்கள். பஞ்சாயத்து இறங்கி வந்தது. மழைத் தட்டை அங்கேயே விட்டுவிட்டு, சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மைக் திரும்பக் கிடைக்கும். தூது போகிற வேலை, மாமியார் ஊர் என்பதால், அப்பாவின் தலையில் விழுந்தது. அம்மாவுக்குப் பதிலாக நான் கூடப் போனேன்.

ஆவணி வெயிலில் அந்த ஊர் நிலமெல்லாம் வெடித்துக் கிடந்தது. கோயில் முன்னால் ரேடியோக்காரர் மைக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். மழை பெய்யாத ஊரில் சோறு இறங்கவில்லை என்று மாமா ரகசியமாகச் சொன்னார். அப்பா பஞ்சாயத்து சொன்னதைச் சொல்லி முடித்தார். ரேடியோக்காரர் தலையைக் குனிந்தபடியே, அது மட்டும் முடியாதுங்க என்றார். அப்பா திரும்பிப் பார்த்து என்னிடம் உதட்டைச் சுழித்தார்.

அந்த நேரத்தில் ஒரு அம்மா மண்பானையோடு வந்தாள். வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள். பானை நிறைய விதை மல்லாட்டை. அவளிடம் இருந்தது அவ்வளவுதான். வாரத்துக்குள் மழை உண்டு என்றால் நாளைக்கே போட்டுவிடுவாள். இல்லையென்று காய்ந்துபோனால் அடுத்த வருஷத்துக்கு விதையும் இல்லை, சாப்பாடும் இல்லை.

“நீ சொல்லு சாமி. பாட்டு உன்னோட பாட்டு. போடட்டுமா, வேணாமா?”

ரேடியோக்காரர் பானையைப் பார்த்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டார். எதையும் மைக்கில்தான் சொல்லிப் பழக்கம் என்பதால் மைக்கைத் திறந்தார். வானொலித் தமிழ் வரவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா. அது மழைப் பாட்டான்னே தெரியாது. யாரு பாடுறாங்க, எதுக்குப் பாடுறாங்க, ஒண்ணும் தெரியாது. சும்மா சொன்னேன். வெதைய எடுத்துனு வீட்டுக்குப் போ.”

குழாய் அதை ஊர் முழுக்கச் சொன்னது. அந்த அம்மா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். அவள் ஒருத்திதான் நம்பினாள். மற்றவர்களெல்லாம் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். உப்புக்காரன் வந்தான், பத்து நிமிஷத்தில் ஆள் பேச்சு மாறிவிட்டது, எவ்வளவு கொடுத்தாய் மாப்பிள்ளை என்று பெரிய மாமாவே கேட்டார். இவ்வளவு நாள் மழை வராததற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. மனசார நம்பாதவன் போட்டால் எப்படிப் பெய்யும்? ஆளைக் கூட்டிக்கொண்டு போ, பாட்டு எங்களுக்கு என்று தட்டை வாங்கி அம்மன் காலடியில் வைத்துக் குங்குமம் போட்டார்கள்.

பஸ்ஸில் ரேடியோக்காரர் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தார். வந்த காரியம் முடிந்தது, அப்பா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

“நாளைக்கு மைக்க வாங்கிக் குடுத்துடறேன். ஆனா நீ ஒண்ணு சொல்லு. பாட்டு இல்லன்னா, என் உப்பு எதுக்குய்யா கரைஞ்சுது?”

ரேடியோக்காரர் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். உப்பு சும்மா கரைந்தது என்று சொன்னால் அப்பா தாங்க மாட்டார் என்று அவருக்குப் பட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் உப்பு கரைந்த நாளிலிருந்து ரேடியோக்காரர்மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

“மழப் பாட்டுதாங்க. அங்க நான் பொய் சொல்லிட்டேன்” என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டு, சீட்டில் சாய்ந்துகொண்டார். மரக்காணம் வரும்வரைக்கும் நன்றாகத் தூங்கினார்.